அலமாரித் தாளில் நின்ற பஸ்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. திண்டிவனத்தில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன் நான். கத்திரி வெயில் முடிந்து, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வரும் இந்த வாரத்தில்தான் எங்கள் அம்மா வருடம் தவறாமல் வீட்டையே கவிழ்த்துப் போடுவாள். இன்று சனிக்கிழமை. மத்தியானத்தோடு என் வண்டி நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டு, சமையல்கட்டு அலமாரியை என் தலையில் கட்டிவிட்டு ரேஷன் கடைக்குக் கிளம்பிவிட்டாள். பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் பரப்பினேன். எண்ணெய் டின்னைத் தூக்கியபோது அடியிலிருந்து அந்தத் தாள் வந்தது. ஏதோ ஒரு வாரப் பத்திரிகையின் பக்கம். மஞ்சளாகி, ஓரம் நைந்து, நடுவில் டின்னின் வட்டம் பதிந்து, பாதிக் கதையோடு இருந்தது. கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு பாத்திரத்தின் பக்கம் கை போகவில்லை.

கதையின் கடைசி வரிகள் இவை: "மழை விடவில்லை. தூரத்தில் பேருந்தின் விளக்கு தெரிந்தது. தகரப் பெட்டியோடு அவள் ஓரடி முன்னால் வந்தாள். பேருந்து நின்றது. அவள்". அவ்வளவுதான். அதற்குக் கீழே தாள் கிழிந்திருக்கிறது. அவள் ஏறினாளா, திரும்பிப் போனாளா என்பது எங்கள் வீட்டில் வெகுகாலமாகத் தீராத வழக்கு. அந்த வழக்கை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் அண்ணி. எங்கள் தேவாலயச் சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற என் நண்பன் ஒரு வருடமாக என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறான். "டேய், உங்க அண்ணி கதைய டீக்கடையில எத்தினி வாட்டிதான்டா சொல்லுவ? எழுதித் தொலையேன், நாங்களாவது டீய நிம்மதியா குடிப்போம்." சரி, அவன் டீயை நிம்மதியாகக் குடிக்கட்டும் என்று போனை எடுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கூடம் முழுக்கப் பாத்திரம். அம்மா வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

அண்ணி விழுப்புரத்துப் பெண். ரயில்வே லைன் ஓரத்து வீடு. எல்லாத் திசைக்கும் ரயில் பிரிகிற ஊர் அது. சின்ன வயதில் வாசலில் நின்று, ஓடுகிற ரயில் பெட்டிகளின் பலகைகளைப் படிப்பதுதான் விளையாட்டாம். பெட்டி கடந்து போவதற்குள் ஊர்ப்பெயரைப் படித்துவிட வேண்டும். அப்படிப் பழகிய கண்ணுக்கு எந்த எழுத்தும் தப்பாது. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, பஸ்ஸில் முன்சீட்டின் முதுகில் கிறுக்கியிருப்பது, எதையும் விட மாட்டார். எங்கள் அண்ணன் இதைப் பெரிய துயரமாகச் சொல்வான். "கல்யாணம் ஆன புதுசுல மரக்காணம் பீச்சுக்கு இட்டுக்கினு போனேன்டா. வறுத்த மல்லாட்டை வாங்கிக் குடுத்தா, மல்லாட்டைய எங்கையில கொட்டிட்டு பொட்லம் கட்ன காயிதத்த விரிச்சி படிச்சிக்கினு உக்காந்துட்டா. நான் கடலப் பாத்துக்கினு இருந்தேன், கடலு என்னப் பாத்துக்கினு இருந்துச்சி."

இப்படிப்பட்டவரிடம் வீட்டைச் சுத்தம் பண்ணுகிற வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் அவருக்கு வந்த முதல் கோடையிலேயே தெரிந்துபோனது. காலையில் சேலையைச் சொருகிக்கொண்டு அலமாரியின் முன்னால் நின்றவர், மத்தியானம் சாப்பாட்டுக்கு இலை போடும்போது இரண்டாவது தட்டில்தான் இருந்தார். பாத்திரத்தின் அடியில் விரித்திருந்த பழைய பேப்பர் ஒவ்வொன்றையும் உருவி, தூசியைத் தட்டி, நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மருமவ அலமாரி தொடைக்கிறாளா, பரீச்சைக்குப் படிக்கிறாளாடா?" அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அத்த, அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி தக்காளி இன்னா வெல வித்துது தெரியுமா?" என்றார். அம்மாவுக்கும் விலைவாசி என்றால் உயிர். "இன்னா வெல?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கடையிலிருந்துதான் வந்தது.

புதுத்தாள் விரிப்பதில் அண்ணிக்கு ஒரு முறை இருந்தது. தலைகீழாக விரிக்கவே கூடாது. அடுப்பங்கரையில் நிற்பவரின் கண்ணுக்கு நேராக எழுத்து இருக்க வேண்டும். "ஒல கொதிக்கிற வரைக்கும் சும்மாவா நிப்பாங்க?" என்பார். கதையோ கட்டுரையோ நன்றாக இருந்தால் அந்தத் தாளை எறிய மாட்டார். தட்டி, வெயிலில் காட்டி, மறுபடியும் அதே இடத்தில் விரிப்பார். எண்ணெய் டின்னின் கீழே அந்தப் பாதிக் கதை வருடக்கணக்காகக் குடியிருந்தது இப்படித்தான்.

அண்ணிக்கு இரண்டாவது பைத்தியம் பாட்டு. எங்கள் சபையின் பாடகர் குழுவில் அவர் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல். நான் அதே குழுவில் டெனர், ஆல்டோவுக்கும் கீழே வரும் ஆண்குரல். நான் சேர்ந்த காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் சுண்டல் தருவார்கள். எங்கள் கொயர் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். பாட்டையும் டிரில் மாதிரிதான் நடத்துவார், கழுத்தில் விசில் ஒன்றுதான் இல்லை. ஆல்டோ பாடுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டின் அழகையெல்லாம் சொப்ரானோ எடுத்துக்கொண்டு போய்விடும், அடியில் அதிர்கிற கம்பீரத்தை பாஸ் எடுத்துக்கொள்ளும். நடுவில் மிச்சம் கிடக்கும் சில சுரங்களை வைத்துக்கொண்டு ஆல்டோக்காரர்கள் அமைதியாகக் காலம் தள்ள வேண்டும். எனக்கு அதெல்லாம் புரியாமல், "அண்ணி, உங்க லைன்ல ராகமே இல்லியே, கரண்டு கம்பி மாதிரி நேரா போய்க்கினு இருக்குது" என்று கிண்டல் செய்வேன். "கரண்டு கம்பி இல்லாட்டி ஒன் வூட்ல லைட்டு எரியாதுடா" என்பார். ஒரு சனிக்கிழமை அவர் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதால் வரவில்லை. அன்றைக்குப் பாட்டு, பலகையை எடுத்துவிட்ட அலமாரி மாதிரி இருந்தது. மாஸ்டரே கையைக் கீழே போட்டுவிட்டு, "இன்னிக்கு இன்னாடா காணாம போச்சி?" என்று கேட்டார்.

பிறகு ஒரு மார்கழியில் அண்ணியின் கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம் தெரிந்தது. பாண்டி ஆஸ்பத்திரியில் தைராய்டு கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், பயப்படும்படி இல்லை என்றார்கள். டாக்டர் நல்ல மனுஷர், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். குரலுக்கான நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் கொஞ்சம் மாறலாம் என்றார். அண்ணன் கேட்டது உயிரைப் பற்றி. அம்மா கேட்டது சாப்பாட்டைப் பற்றி. அண்ணி கேட்டது ஒன்றுதான்: "பாட முடியுமா சார்?" டாக்டர் சிரித்துக்கொண்டே, "மொதல்ல கட்டி போவட்டும்மா" என்றார். அண்ணி சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கடைப் பலகை ஒன்றையும் படிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஆபரேஷன் மாசியில் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் வேறு கெடுதல் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. ஆனால் கொஞ்ச காலத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூட கூடாது என்று உத்தரவு. கழுத்தில் கட்டோடு குனிந்து படிக்கவும் முடியவில்லை, வலித்தது. பேச்சும் போய் படிப்பும் போய் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அண்ணியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "செய்திகள் வாசிப்பது உங்கள் கொழுந்தனார்" என்று ஆரம்பித்தேன்.

என் வாசிப்பு அப்போது எப்படியென்றால், மாட்டுவண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி. ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று மூச்சு வாங்கும். நீளமான வார்த்தை வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அண்ணியின் தலைமாட்டில் எவர்சில்வர் தம்ளரும் ஸ்பூனும் இருந்தன, யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் தட்டுவதற்கு. நான் தப்பாகப் படித்தால் ஒரு தட்டு. டிங். நிறுத்தி, மறுபடியும் படிக்க வேண்டும். முதல் நாள் எங்கள் வீடு கோயில் பூஜை நேரம் மாதிரி இருந்தது. அம்மா சமையல்கட்டிலிருந்து, "இன்னாடா, ஐஸ் வண்டி உள்ளயே வந்துடுச்சா?" என்றாள். நேராகப் படித்தால் எனக்கே அலுத்துப்போகும் என்பதால் நடுவில் சரக்கு சேர்க்க ஆரம்பித்தேன். "மாவட்ட ஆட்சியர் நேற்று திண்டிவனத்தில் ஒரு வீட்டில் திடீர் ஆய்வு நடத்தி, சாம்பாரில் உப்பு இல்லை என்று மாமியாரைக் கண்டித்தார்." டிங் டிங் டிங். சிரிப்பை அடக்க ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தட்டிக்கொண்டே இருப்பார். அண்ணன் வந்து, "தையல் பிரிஞ்சிடப் போவுதுடா, சும்மா படிடா" என்று திட்டுவான். ஆனால் பொய் சொல்வதற்கும் முதலில் உண்மையாக என்ன போட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். அண்ணியை ஏமாற்ற வேண்டுமென்றால் கண் ஒரு வரி முன்னால் ஓடியாக வேண்டும். அப்படி ஓடி ஓடி, எப்போது என்று தெரியாமல், நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். என் பள்ளிக்கூடம் பிரம்பால் செய்ய முடியாததை ஒரு ஸ்பூன் செய்தது.

வீட்டிலிருந்த பேப்பரெல்லாம் தீர்ந்ததும் அலமாரித் தாள்களை உருவினேன். அந்தப் பாதிக் கதை வந்தது. மழை, தகரப் பெட்டி, நின்ற பஸ். அண்ணி ஆயிரம் தடவை படித்திருப்பார், ஆனாலும் கிழிந்த இடத்தில் நான் நிறுத்தியதும், மேலே சொல்லு என்று கையைக் காட்டினார். நானாக முடிவு கட்டச் சொல்கிறார் என்று புரிந்தது. ஒருநாள் அவளை பஸ்ஸில் ஏற்றி, விக்கிரவாண்டியில் இறக்கி, பரோட்டா சாப்பிட வைத்தேன். டிங். ஒருநாள் கண்டக்டர் அவளுடைய தாய்மாமனாக இருந்தார். டிங். இன்னொரு நாள், எனக்கே கொஞ்சம் சோர்வாக இருந்ததால், "அவள் ஏறவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிப் போனாள்" என்று முடித்தேன். தம்ளரில் தட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார், கூடாது என்று. இரண்டு விரலால் படி ஏறுவது போல் செய்து காட்டினார். மறுபடியும் காட்டினார். அன்றிலிருந்து நான் என்ன முடிவு கட்டினாலும் அவளை முதலில் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் வீடே அண்ணியைச் சுற்றி உட்கார்ந்தது. முதல் வார்த்தை ஜெபமாக இருக்கும் என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அண்ணி என் பக்கம் விரலை நீட்டி, "இவன் படிச்சது எல்லாம் பொய்யி" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபிறகுதான் அந்தக் குரல் எங்களுக்குள் இறங்கியது. அது அண்ணியின் குரல் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனமாக, ஆழமாக இருந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் போனில், "சரிங்க சார், நாளைக்கி போட்டுடறேன் சார்" என்றார். அண்ணி அதையும் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு போன் அடித்தால் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

ஈஸ்டருக்கு முந்தைய பயிற்சியில் ஆல்டோ வரிசையில் நின்றார். அடி சுரங்கள் வந்தன. கொஞ்சம் மேலே போனதும் குரல் நூலாகி அறுந்தது. மறுபடியும் முயன்றார், மறுபடியும் அறுந்தது. அதற்குப் பிறகு வாய் மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. எதிர் வரிசையில் நின்ற எனக்கு அது தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பும்போது, "வேல இருக்குதுடா, நீ போ" என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வேலை இருந்தது. டாக்டர் இதுதான் இனி உங்கள் குரல், பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்தக் கோடை முடிவில் வீட்டைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தபோது, பரணில் வைக்கிற சாமான்களோடு ஒரு தலையணை உறையையும் என்னிடம் நீட்டினார். உள்ளே என்ன என்று தொட்டாலே தெரிந்தது. அவருடைய பாட்டுப் புத்தகம். எங்கள் வீட்டில் பரணுக்கு ஏறிய எதுவும் சுலபத்தில் கீழே இறங்கியதில்லை.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பரணில் உட்கார்ந்து தூசி தட்டினேன். வாய் சும்மா இருக்காதே, பாடகர் ஞாயிறுக்குப் பாட வேண்டிய பாட்டின் டெனர் வரியை உரக்கப் பாடினேன். பள்ளிக்கூடம் திறந்ததும் வரும் ஞாயிறு அது, அன்றைக்கு ஆராதனை முழுக்கப் பாடகர் குழுவின் கையில்தான். அந்தப் பாட்டில் ஒரு மேடு உண்டு. அங்கே போனதும் எனக்கு எப்போதும் குரல் சறுக்கும், இருமல் போட்டு மறைத்துவிடுவேன். மாஸ்டருக்கும் தெரியும், அந்த இடம் வந்தால் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்ப்பார். அன்றைக்கும் வழக்கம்போல் இருமினேன். ஆனால் சுரம் நின்றது. தடுமாறாமல், நிறைவாக, கீழேயிருந்து வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்து பாடினால் சபையார் கண்ணைத் திறந்துவிடுவார்கள், அவன் இல்லை. ஈரத்துணியோடு அலமாரியின் முன்னால் நின்ற அண்ணி, அரிசி டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இப்ப யாரு பாடுனது?"

"எது?"

"இப்ப, மேல போச்சே, அது."

"நீதான்டா பாடிக்கினு இருந்த."

"நான் இருமிக்கினு இருந்தேன்."

அண்ணியின் கை டின்னின் மேல் நின்றது. "அது டெனருடா. ஆம்பளைங்க பாடறது" என்றார்.

"ஏன், அந்த சுரத்துக்கு மீச மொளச்சிருக்குதா?"

தலையணை உறையைப் பரணிலிருந்து தொங்கவிட்டேன். "இந்தாங்க, இதுலயும் தூசி இருக்குது, தொடைங்க." அவர் வாங்கவில்லை. அண்ணன் வாங்கித் தரையில் வைத்தான். சாயங்காலம் எல்லாம் முடிந்த பிறகு பார்த்தேன். புத்தகம் உறையை விட்டு வெளியே வந்து, அலமாரியில், புதிதாக விரித்த அந்தப் பாதிக் கதையின் மேல் உட்கார்ந்திருந்தது.

மாஸ்டரிடம் சொன்னேன். வீட்டுக்கே வந்து அண்ணியைப் பாட வைத்துக் கேட்டுவிட்டு, "எனக்கு இன்னொரு டெனரு கெடச்சா கசக்குதா? ஆனா எங்க நிக்க வெக்கிறதும்மா?" என்று தலையைச் சொறிந்தார். எங்கள் சபையில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். பாடகர் குழுவிலும் அப்படித்தான். நடுவில் கீபோர்டு, எதிரெதிராகப் பெஞ்சு. டெனர் பாட வேண்டுமென்றால் டெனரோடு நின்றால்தான் காது கேட்கும், குரல் சேரும். சபைக் காரியங்களைப் பார்க்கிற கமிட்டி ஐயாவிடம் கேட்டார்கள். ஐயா கெட்டவர் இல்லை. அண்ணி படுத்திருந்த நாளெல்லாம் தன் வீட்டுப் பசும்பாலைத் தானே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தவர். அவர், "பாடட்டும், வேணான்னு சொல்லல. ஆனா ஒரு பொம்பளப் புள்ள இந்தப் பக்கம் வந்து நின்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, அப்பறம் மனசு கஷ்டப்படறது அந்தப் புள்ளதான்" என்றார். அண்ணி காதுக்கு இது வந்ததும், "எனக்காவ யாரும் பேஜாரு பண்ணிக்க வேணாம். நான் கீழ உக்காந்து கேட்டுக்கறேன், அதுவே போதும்" என்றார். போதாது என்பது, மிச்சமிருந்த துணி அலமாரியைத் துடைக்கிற கையைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வருடம் அதை அவர் சீக்கிரமே துடைத்து முடித்துவிட்டார், ஒரு தாளைக்கூடப் படிக்காமல்.

பாடகர் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை கோயிலைக் கழுவுவது எங்கள் சபையில் வழக்கம். பெஞ்சு, நாற்காலி, கீபோர்டு எல்லாம் வேப்பமரத்தடிக்கு வந்துவிடும். பெண்கள் தரையைத் தேய்ப்பார்கள், பையன்கள் குழாய் பிடிப்போம், காய்ந்த பிறகு எல்லாவற்றையும் திரும்ப வைப்பதும் நாங்கள்தான். வீட்டைச் சுத்தம் பண்ணுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு: திரும்ப அடுக்கும்போது பழைய இடம் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. நானும் கீபோர்டு நண்பனும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம், பிளக் பாயின்ட்டின் கீழே வைத்தோம். பாடகர் பெஞ்சுகளை எதிரெதிராகப் போடாமல் ஒரே வரிசையாக, முனையோடு முனை சேர்த்துப் போட்டோம். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ். ஆல்டோ பெஞ்சின் கடைசி இடமும் டெனர் பெஞ்சின் முதல் இடமும் இப்போது பக்கத்துப் பக்கத்து வீடு. யாரும் எந்தப் பக்கமும் தாண்டிப் போக வேண்டியதில்லை.

கமிட்டி ஐயா வந்து பார்த்தார். "இன்னாடா இது, பெஞ்சு எல்லாம் ரயிலு மாதிரி கோத்துக்கினு கெடக்குது?"

"அந்தப் பக்கம் தரை இன்னும் ஈரங்க ஐயா."

"காத்தாலைக்குள்ள காஞ்சிடுமில்ல?"

"காஞ்சிடுங்க ஐயா. ஆனா அங்க வெச்சா கீபோர்டு ஒயரு எட்ட மாட்டேங்குது."

"இத்தினி வருசமா எட்டுன ஒயரு?"

என் நண்பன் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயா ஒயரைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், இரண்டு பெஞ்சும் சேர்கிற முனையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "ஒன் ஒயரு எவ்ளோ நீளம்னு எனக்குத் தெரியும்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அண்ணி ஆல்டோ பெஞ்சின் கடைசி இடத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான். நடுவில் ஒரு பாட்டுப் புத்தகம் விரிக்கிற அளவு இடைவெளி. முதல் சரணம் போனது. அண்ணியின் வாய் அசையவே இல்லை. இரண்டாவது சரணத்திலும் அப்படியே. அந்த மேடு மூன்றாவதின் நடுவில் இருக்கிறது. இடையில் கீபோர்டு மட்டும் வாசிக்கிற கொஞ்ச நேரத்தில், என் நண்பன் தேவைக்கு மேலேயே இழுத்து இழுத்து வாசித்தான். நான் குனிந்து, "அண்ணி, பஸ்ஸு நின்னுக்கினு இருக்குது" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விரல் நகத்தால் புத்தக அட்டையில் ஒரு தட்டு தட்டினார். தம்ளர் இருந்திருந்தால் டிங் என்றிருக்கும். பிறகு பாடினார். அந்த மேட்டில் எனக்கு இருமல் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு கேட்டேன். முன்வரிசையில் எங்கள் அம்மா, மருமகளைப் பார்க்கிறாளா மகனைப் பார்க்கிறாளா என்று தெரியாமல், அழுதுகொண்டிருந்தாள். ஆராதனை முடிந்ததும் கமிட்டி ஐயா மாஸ்டரிடம் வந்து, "இந்த வருசம்தான்யா டெனருன்னு ஒண்ணு இருக்கறதே காதுல வுழுந்துச்சி" என்றார். போகிறபோக்கில் என் பக்கம் திரும்பி, "தரை காஞ்சாலும் பெஞ்சு அப்டியே கெடக்கட்டும்" என்றார். இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது. போன வருடம் புதிதாக வந்தவர் ஒருவர் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, ஆதியிலிருந்து இப்படித்தான் என்று ஐயாவே சொன்னார்.

அண்ணன் அண்ணியோடு விழுப்புரத்துக்கே குடிபோய் கொஞ்ச காலமாகிறது. வேலை அங்கே. அங்கேயும் சபை உண்டு, பாடகர் குழு உண்டு. ஆனால் அங்கே பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்துச் சிமென்ட் போட்டு வைத்திருக்கிறார்களாம். அண்ணி கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். போனில் பேசினால், நன்றாகத்தான் பாடுகிறார்கள் என்பார், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். இந்த வருடப் பாடகர் ஞாயிறுக்கு இன்று சாயங்காலம் இங்கே முதல் பயிற்சி. வாங்க அண்ணி என்று நேற்று கூப்பிட்டேன். "இவ்ளோ நாள் பாடாம கெடந்த கொரலுடா, வருமோ வராதோ. பஸ்ஸு கெடச்சா பாக்கறேன்" என்றார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் கிடைக்காமல் போன சரித்திரம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தத் தாள் இப்போது என் மடியில் இருக்கிறது. இன்று காலை ஒரு வீட்டில் தண்ணீர் கேனை இறக்கிவிட்டு, அவர்கள் வாசல் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை முழுக்கப் படித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டம்மா, காலி கேனுக்காக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பொட்டலக் காகிதத்தையும் நான் இப்போது விடுவதில்லை. எழுத்து என்றால் தலையைத் திருப்பிக்கொண்டு போன எனக்கு, உலகம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள் என்று காட்டியது வாய் திறக்க முடியாமல் படுத்திருந்த ஒருவர். இதற்கு நன்றி என்று நேரில் சொன்னால் அண்ணி தம்ளரைத் தேடுவார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். தாளை இதோ துடைத்து, எழுத்து நேராக இருக்கும்படி எண்ணெய் டின்னின் இடத்தில் விரித்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு பாத்திரத்தைக்கூட இன்னும் வைக்கவில்லை. அம்மா தெருமுனையில் யாருடனோ பேசுகிற சத்தம் கேட்கிறது. பயிற்சி ஆரம்பிக்கிற நேரமும் தாண்டிவிட்டது. இதுவரை தட்டியதை அப்படியே கீபோர்டு நண்பனுக்கு அனுப்பிவிட்டு, "நீ கேட்டாயே, எழுதிவிட்டேன். அவள் ஏறினாளா என்றுதான் தெரியவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். உடனே பதில் வந்தது.

"பாத்திரத்த அடுக்கிட்டு ஜல்தி வாடா, அண்ணி வந்து ஒன் எடத்துல நின்னுக்கினு இருக்காங்க."